லூர இழுக்கதுல வேகமா ஆழமா எது முக்கியம்? 3 ஞாயிறு போச்சு, ஒரு மீனும் கிட்டல

குலசேகரத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இதுவரைக்கும் குளத்துல தக்கை போட்டு சிலேபி புடிச்ச ஆளாக்கும். கனடால இருக்க எனக்க சித்தப்பா மவன் போன தடவ வந்தப்பம் ஒரு பை நெறய லூரு, அதான் பொய் எரை, தந்துட்டு போனான், அத வச்சு ட்ராலிங் பண்ணி பாப்போம்னு காத்தடிக்க கயாக் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். எந்த அணைன்னு சொல்லமாட்டேன், சொன்னா அடுத்த ஞாயிறு நீங்க எல்லாரும் அங்க நிப்பிய. குத்தகைக்காரர்ட்ட கேட்டு அனுமதி வாங்கி தான் எறங்குகேன், அத முதல்லயே சொல்லிருகேன்.

ரெண்டு கம்பு. ஒண்ணுல முன்னாடி பிளாஸ்டிக் நாக்கு உள்ள லூர், டப்பால 20 அடி போவும்னு போட்டிருக்கு. இன்னொண்ணுல 40 கிராம் ஈயம் கட்டி அதுக்கு பின்னால ஸ்பூன், அதான் கரண்டி மாதிரி மினுங்குக தகடு. காலைல 6 மணிக்கு தொடங்கி 10 வரைக்கும் துடுப்பு போட்டு துடுப்பு போட்டு தோள்பட்ட கழண்டு போச்சு, 3 வாரமா ஒரு கடி கூட இல்ல. ஒருத்தன் வேகம் பத்தாதுன்னு சொல்லுகான், இன்னொருத்தன் வேகம் கூடுதல்னு சொல்லுகான். எத நம்ப?

கடக்கரப்பய:
மக்கா நீ ட்ராலிங்னு எழுதுனத பாத்துட்டு அணைக்குள்ள மடி வலை இழுக்கானோன்னு பதறிட்டேன் 😂 எங்களுக்கு ட்ராலிங்னா விசைப்படகு மடி தான், சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வர தடை, எங்க மேக்கு பக்கம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வர. கன்னியாகுமரி ஒரே ஜில்லால ரெண்டு தடைக்காலம், வேற எங்க உண்டு சொல்லு.

நீ சொல்லுகது வள்ளத்துக்கு பின்னால தூண்டல் விட்டு ஓடுகது. அது எங்க அப்பா காலத்துல இருந்தே உண்டு, சூரைக்கு.

குலசேகரத்துக்காரன்:
அதே தான் அண்ணே. நீங்க என்ன வேகத்துல ஓடுவிய?

கடக்கரப்பய:
சூரைக்கு 6 நாட், 7 நாட் (கடல் மைல்) வேகத்துல ஓடணும், அதாவது மணிக்கு 11ல இருந்து 13 கிலோமீட்டர். பைய போனா அது திரும்பி கூட பாக்காது, அது ஓடிட்டே இருக்க ஜாதி, மத்தி துள்ளி ஓடுக மாதிரி இருந்தா தான் பாயும். தங்கூசி நூல ஒருவாடு நீளத்துக்கு விட்டிருப்போம், ஆனா தூண்டல் மேலாப்புல தான் கெடக்கும். அதனால நான் சொல்லுகேன், வேகம் தான் எல்லாம். நீ துடுப்பு போட்டு என்னத்த கிழிக்க, சின்ன எஞ்சின் ஒண்ணு மாட்டு.

தேரூர்கொக்கு:
எஞ்சினா? அணைல எஞ்சின் வச்சு போனா குத்தகைக்காரர் விட்டாலும் மத்தவன் விடமாட்டான். அண்ணே நீங்க கடல்கணக்க குளத்துக்கு சொல்லாதிய. சூரை எங்க, இங்க கெடக்க மீன் எங்க.

குலசேகரம் தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லு, நீ எந்த மீனுக்காக இழுக்க? கட்லா ரோகுக்குன்னா கயாக்க OLXல போட்டுரு. கட்லா மேல்வெள்ளத்துல வாயத் தெறந்துட்டு கண்ணுக்குத் தெரியாத பூச்சிய திங்குக சாதனம், ரோகு நடுவுல, மிர்கால் அடிச்சேத்துல. இது மூணும் ஸ்பூன தொரத்தாது. அதுக்கு மாவு உருண்டையும் தக்கையும் தான், அங்கயும் ஆழம் தான் கணக்கு, தக்கைய ஒரு முழம் மேல கீழ மாத்துனா மீனே மாறிப்போவும், இது நான் எங்க ஊர்ப்பக்கத்து குத்தகை குளத்துல எத்தனையோ தடவ பாத்தது.

வராலுக்குன்னா அதுவும் வீண். வரால் காத்து குடிக்க மேல வந்தே ஆகணும், அது கெடக்கது கரையோரம் பாசிலயும் தாமரை எலைக்கு அடியிலயும், அங்க போயி நாக்கு வச்ச லூர இழுத்தா பாசி தான் கிலோ கணக்குல வரும். தவள போட்டு எறிஞ்சு புடிக்கணும். (செவப்பா குஞ்சுக்கூட்டம் மேல கொதிக்குக எடத்துல மட்டும் போடாதிய, தாய எடுத்தா அந்த கூட்டம் அன்னைக்கே சிலேபிக்கு எர. புண்ணியமா போவும்.)

குலசேகரத்துக்காரன்:
ஆத்துவாளைக்கு தான் அண்ணே. போன வருசம் வலைல ஒண்ணு மாட்டுனத கண்ணால பாத்தேன், அதுல இருந்து தூக்கம் இல்ல.

கடக்கரப்பய:
வாளையா? வாளை கடல்ல தானே கெடக்கு, வெள்ளிப்பட்டை மாதிரி நீளமா? கருவாடு போடுவோமே.

தேரூர்கொக்கு:
அது வேற இது வேற அண்ணே 😄 இது வாய் காது வர கிழிஞ்ச கெளுத்தி வம்சம், செதிலே கெடையாது, மீனத்தான் திங்கும். வாளைன்னா ட்ராலிங் நியாயம் தான்.

நாஞ்சில்_கனடா:
நான் பூதப்பாண்டிக்காரன், இப்பம் ஒன்டாரியோல 9 வருசமா இருக்கேன். நீங்க சொல்லுக சித்தப்பா மவன் நானில்ல 😀 ஆனா அந்தப் பை நெறய லூருன்னு வாசிச்ச உடனே எங்க ஊர்ச் சரக்குன்னு தெரிஞ்சு போச்சு. அதெல்லாம் வால்ஐன்னு இங்க உள்ள ஒரு ஏரி மீனுக்கு செஞ்சது.

இங்க பே ஆஃப் குவின்டேன்னு ஒரு எடம், ஒன்டாரியோ ஏரிக்க கை மாதிரி நீளமா உள்ள போவும், பனி கட்டுகதுக்கு முன்னால நவம்பர்ல பெரிய வால்ஐக்கு அங்க தான் கூட்டம். அப்பம் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், மணிக்கு ஒன்றரை மைல், அதாவது ரெண்டரை கிலோமீட்டர் கூட போவமாட்டோம், நடந்து போறவன் நம்மள தாண்டிப் போவான். அதே மீனுக்கு ஜூலைல மணிக்கு 4 கிலோமீட்டர் வர போவோம். பெரும்பாலான மீனுக்கு நம்மள மாதிரி உடம்புச்சூடு கெடையாது, தண்ணி என்ன சூடோ அதுக்க உடம்பும் அதே சூடு, குளுந்தா செமிக்கதும் பையத்தான் ஓடுகதும் பையத்தான். அதனால வேகத்த முடிவு பண்ணுகது காலண்டர் இல்ல, தெர்மாமீட்டர்.

சால்மனுக்கு கேட்டா கதை வேற. கோடைல அது மேல இருக்காது, 12 டிகிரி பக்கம் இருக்க குளுந்த அடுக்கு எங்க இருக்கோ அங்க போயி நிக்கும், சில நாள் 60 அடி, சில நாள் 100 அடி. அவ்வளவு கீழ கொண்டு போக 10, 12 பவுண்டு ஈயக்குண்ட கம்பில கட்டி எறக்குவோம், தூண்டல் நூல அதுல கிளிப் பண்ணிருக்கும், மீன் அடிச்சா கழண்டு வந்துரும். வேகம் மணிக்கு 2ல இருந்து 3 மைல். ஆனா ஒரு கூத்து இருக்கு, படகுக்க ஜிபிஎஸ் 2.5ன்னு காட்டும், 80 அடி கீழ நீரோட்டம் எதுத்து வந்தா லூருக்கு அது 3க்கு மேல. திரும்பி வரும்போ அதே 2.5ல போனா லூர் செத்த மாதிரி தொங்கும். எல்லாரும் சொல்லுவான் வடக்க போனா கடிக்கு தெக்க போனா கடிக்கலன்னு, சாமி குத்தம்லாம் இல்ல, மீன் பாக்கது லூருக்க வேகத்த, படகுக்க வேகத்த இல்ல.

சும்மா_வாசிக்கேன்:
அண்ணே நம்ம ஊர் வெள்ளம் தான் வருசம் முழுக்க சூடாச்சே, அப்பம் இங்க வேகமா தானே இழுக்கணும்?

நாஞ்சில்_கனடா:
சூட்டுக்காக பைய போகணும்கது இங்க பொருந்தாது, சரி தான். ஆனா வாளை சால்மன் மாதிரி தொரத்தி ஓடுக மீன் இல்ல, பதுங்கி இருந்து ஒரே பாய்ச்சல். பக்கத்துல வரணும், வந்து கொஞ்ச நேரம் கண்ணுல நிக்கணும். குலசேகரம், நீங்க என்ன வேகத்துல போறிய, எவ்வளவு நூல் விடுறிய, எத்தன எம்எம் நூல்?

குலசேகரத்துக்காரன்:
வேகம் போன்ல பாத்தேன், நாலரைல இருந்து 5 கிலோமீட்டர். நல்ல மூச்சுப்பிடிச்சு துடுப்பு போடுவேன். லூருக்கு 12 மீட்டர் விட்டேன், ஸ்பூனுக்கு ஒரு 25 மீட்டர் இருக்கும். நூல் 0.40 நைலான், வாளை பெருசுல்லா, அறுத்துட்டு போயிரக்கூடாதேன்னு. நான் போற எடத்துல ஆழம் 12 மீட்டர் சொல்லுகாவ.

நாஞ்சில்_கனடா:
ஆங், மாட்டிச்சு. டப்பால போட்டிருக்க 20 அடி, மெல்லிசு நூல்ல 30, 40 மீட்டர் பின்னால விட்டா தான். உங்க தடி நூலுக்கு வெள்ளம் புடிச்சு இழுக்கும், விட்டதோ வெறும் 12 மீட்டர். லூர் 2 மீட்டர், ரெண்டரை மீட்டர் தாண்டிருக்காது.

பிசிக்ஸ்சார்_தக்கலை:
இதுக்குள்ள நான் வரவேண்டியதாப் போச்சு. மீன் புடிக்கத் தெரியாது, ஆனா கணக்கு தெரியும், கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க.

ரெண்டு கம்பும் ரெண்டு வேற மிருகம். ஈயம் கட்டுனதுல, கீழ இழுக்கது ஈயத்துக்க எடை, பின்னால இழுக்கது வெள்ளம். எடை மாறாது. வெள்ளத்துக்க இழுவை வேகத்துக்க வர்க்கம் மாதிரி கூடும், வேகம் 2 மடங்குன்னா இழுவை 4 மடங்கு. அதனால 2.5ல இருந்து 5க்கு போனா அதே 40 கிராம் ஈயம் 10 கிராம் ஈயம் மாதிரி தான் வேல செய்யும். ஸ்பூன் பட்டம் மாதிரி மேல ஏறிப்போயிரும். தம்பி எவ்வளவுக்கு கஷ்டப்பட்டு துடுப்பு போட்டிருக்கானோ அவ்வளவுக்கு எரை மேல வந்திருக்கு. அதான் வேதனை.

நாக்கு வச்ச லூர் அப்படி இல்ல. அத கீழ தள்ளுகதே நாக்குல மோதுக வெள்ளம் தான், அதுவும் வர்க்கம், நூல மேல தூக்குக இழுவையும் வர்க்கம். ரெண்டும் ஒண்ணா கூடும் ஒண்ணா கொறையும், அதனால ஆட்டம் புடிச்ச பெறவு வேகத்த கூட்டுனாலும் கொறச்சாலும் ஆழம் பெருசா மாறாது. அதுக்கு ஆழம் மாத்தணும்னா நூலுக்க நீளத்தயும் தடிமனையும் தான் மாத்தணும். ரொம்ப வேகம் போனா கரணம் அடிச்சு மேல வந்துரும், அது வேற.

சும்மா_வாசிக்கேன்:
சார், நூல் வெள்ளத்துல எறங்குக கோணத்த பாத்தா ஆழம் தெரியாதா? 30 டிகிரின்னா 25 மீட்டர் நூலுக்கு பன்னிரண்டரை மீட்டர்னு?

பிசிக்ஸ்சார்_தக்கலை:
நல்ல கேள்வி. நூல் நேர்க்கோடா இருந்தா சரி. ஆனா நூலையும் வெள்ளம் இழுக்குல்லா, அதனால வளையும். ஈயத்துக்க பக்கத்துல செங்குத்தா இருக்கும், மேல வர வர படுத்துக்கிடும். நீங்க பாக்கது மேல உள்ள படுத்த கோணத்த. அப்பம் கணக்குல வாறத விட உண்மையான ஆழம் கொஞ்சம் கூடுதலா இருக்கும், கொறவா இருக்காது. ஆனா கோணத்தையும் கண்ணளவுல யாரும் சரியா சொல்லமாட்டான், 30னு சொல்லுகவன் 15ல இருப்பான்.

கடக்கரப்பய:
சார் இவ்வளவு கணக்கு எதுக்கு, ஆழம் தெரிஞ்ச ஒரு மேட்டுக்கு மேல இழுத்து பாரு, தட்டுனா அது தான் ஆழம். தட்டலன்னா ஒரு பாகம் (ரெண்டு கையும் விரிச்ச நீளம்) நூல் விடு, மறுபடி போ. எங்க ஆளுக்க கணக்கு இது தான். அப்புறம் வெரல நூல்ல வை. லூர் உயிரோட இருந்தா நூல் துடிக்கும், துடிப்பு நின்னா ஒண்ணு பாசி, இல்லன்னா செத்து போச்சு. போன நோண்டாத, நூல நோண்டு. நான் முதல்ல வேகம் தான் எல்லாம்னு சொன்னேன்ல, அது மேலாப்பு மீனுக்கு. அடிமீனுக்குன்னா நாங்களும் ஓடமாட்டோம், நங்கூரம் போட்டுட்டு தான் எறக்குவோம். இத யோசிக்காம சொல்லிட்டேன்.

தேரூர்கொக்கு:
பாத்தியளா, கடக்கர அண்ணன் எறங்கி வந்துட்டாரு 😄

இன்னொரு விசயம் யாரும் சொல்லல. 12 மீட்டர் ஆழம்னா 12 மீட்டர்ல கொண்டு போடுகதா? மார்ச் ஏப்ரல்ல காத்து இல்லாம வெயில் அடிக்க நாள்ல மேல்வெள்ளம் சூடாயி லேசா இருக்கும், அடிவெள்ளம் கனமா கெடக்கும், ரெண்டும் கலக்காது. அடில எலை தழை அழுகி ஆக்சிஜன் போயிரும். மதகு தெறக்கும்போ சில நேரம் முட்டை அழுகுன நாத்தம் வருமே, அது அந்த வெள்ளம் தான். அங்க போயி எந்த மீன் நிக்க? கனடா அண்ணன் குளுந்த அடுக்க தேடுகாரு, நாம தேட வேண்டியது மூச்சு உள்ள அடுக்கு. மேல மூச்சு இருக்கு, கீழ இல்ல, நடுவுல எங்கயோ ஒரு தட்டு, அதுக்கு ஒட்டி மேல.

மழைக்கு பெறவு கதை மாறும். நமக்கு ரெண்டு மழை உண்டு, எடவப்பாதியும் ஐப்பசி மழையும், புது வெள்ளம் வந்தா எல்லாம் கலங்கிப் போவும். ஜூன்ல கன்னிப்பூ நெல்லுக்கு தெறந்துவிட்டாச்சுன்னா மட்டம் தெனமும் எறங்கும். காலைல பேப்பர்ல பேச்சிப்பாறை அணை 48 அடில இவ்வளவு, பெருஞ்சாணி 77 அடில இவ்வளவுன்னு வருமே, அத விவசாயி மட்டும் இல்ல, தூண்டக்காரனும் பாக்கணும். போன வாரம் 5 மீட்டர்ல இருந்த மரமூடு இந்த வாரம் 4ல இருக்கும், லூர் போயி சொருகி நிக்கும்.

நாஞ்சில்_கனடா:
கொக்கு அண்ணன் சொன்னது பொன்னு. அதோட ஒண்ணு சேத்துக்கிடுங்க, மீனுக்கு கொஞ்சம் மேல இழுங்க, கீழ இழுக்காதிய. பதுங்குக மீன் பெரும்பாலும் மேல பாத்து தான் அடிக்கும், வெளிச்சத்துக்கு எதிரா நெழல் தெரியும்லா. ஒரு மீட்டர் மேல போனா ஏறி வந்து எடுக்கும், ஒரு மீட்டர் கீழ போனா அது அங்க போனதே தெரியாது.

அப்புறம் நேர்கோட்டுல போகாம பாம்பு மாதிரி வளைஞ்சு போங்க. வளையும்போ உள்பக்க கம்பு பைய வரும், வெளிப்பக்க கம்பு வேகமா வரும். எந்த பக்கம் கடிக்குதோ அது தான் மீன் கேக்க வேகம்.

பிசிக்ஸ்சார்_தக்கலை:
அதுல ஒரு கண்ணி இருக்கு. ஈயம் கட்டுன ஸ்பூன் உள்பக்கம் இருந்து கடிச்சா, பைய வந்ததால கடிச்சிச்சா, கீழ எறங்குனதால கடிச்சிச்சா? ரெண்டும் ஒரே நேரத்துல மாறும். நாக்கு லூர் உள்பக்கம் இருந்து கடிச்சா தான் வேகம்னு உறுதியா சொல்லலாம், அதுக்கு ஆழம் அவ்வளவா மாறாதுல்லா. ஒரு நேரம் ஒண்ண மட்டும் மாத்துங்க.

குலசேகரத்துக்காரன்:
எல்லாருக்கும் நன்றி, ராத்திரி ஒக்காந்து நூலு முழுக்க 5 மீட்டருக்கு ஒரு கலர் நூல் கட்டி வச்சிருக்கேன், வீட்டுக்காரி பாத்துட்டு பின்னல் கத்துக்கிடுகியளான்னு களியாக்குகா. ஞாயிறு போயிட்டு வந்து சொல்லுகேன்.

குலசேகரத்துக்காரன்:
போயிட்டு வந்தாச்சு. நீளமா எழுதுகேன், பொறுத்துக்கிடுங்க.

முதல்ல கடக்கர அண்ணன் சொன்னபடி ஒரு மேட்டுக்கு போனேன், வெயில் காலத்துல தலை தெரியுக பாறை, இப்பம் 4 மீட்டர் வெள்ளத்துக்கு அடில கெடக்கு, கயித்துல கல்லு கட்டி அளந்தேன். பழைய மாதிரி 25 மீட்டர் நூலு, 5 கிலோமீட்டர் வேகம், ஸ்பூன் தட்டவே இல்ல. நூல கூட்டி கூட்டி பாக்கத விட வேகத்த கொறச்சேன், 3 கிலோமீட்டருக்கு வந்தப்பம் டக் டக்குன்னு தட்டிச்சு. அப்பம் 3 வாரமா நான் 12 மீட்டர் வெள்ளத்துல மேலாப்புல மீனுக்கு வேடிக்க காட்டிருக்கேன். அந்த நேரம் வந்த வெப்ராளம் இருக்கே, சவத்த.

(வேகத்துக்கு போன பாக்கல, கரைல ரெண்டு மரத்துக்கு எடைல 50 மீட்டர் அளந்து வச்சேன், ஒரு நிமிசத்துல தாண்டுனா 3 கிலோமீட்டர். துடுப்பு போடுகதுக்கு சுகமா இருந்துச்சு, தோள் வலிக்கவே இல்ல.)

நாக்கு லூருக்கு நூல மாத்தி மெல்லிசு பிரெய்ட் (பின்னுன நூல்) போட்டு 30 மீட்டர் விட்டேன், அதுவும் பாறைல தட்டிச்சு. பெறவு பழைய ஆத்துப்போக்கு மாதிரி ஒரு பள்ளம் இருக்கு, அதுக்கு ஓரமா வளைஞ்சு வளைஞ்சு போனேன். 7 மணி சுமாருக்கு எடத்துப்பக்கம் திரும்பும்போ எடத்து கம்பு, ஸ்பூன், ஒரு இழு. விட்டுருச்சு. அரை மணிக்கூர் கழிச்சு அதே பக்கம் மறுபடி. இந்த தடவ மாட்டிச்சு. கயாக்க சுத்தி ஒரு வட்டம் போட்டுது பாருங்க, எனக்கு கை நடுங்கிப் போச்சு. வாளையே தான், ஒரு கிலோ முக்கால், வீட்டுல வந்து தராசுல வச்சேன்.

இப்பம் சார் சொன்ன கண்ணியில நானே விழுந்துட்டேன். ஸ்பூன், உள்பக்கம். பைய வந்ததாலயா, கீழ போனதாலயா?

பிசிக்ஸ்சார்_தக்கலை:
சந்தோசம் தம்பி. அந்த நேரம் நாக்கு லூர் எங்க இருந்து?

குலசேகரத்துக்காரன்:
வலத்துப்பக்கம், வெளில. அதனால தான் மீன் மாட்டுன பெறவு பக்கம் மாத்தி வச்சு இன்னும் ஒரு மணிக்கூர் போட்டேன் சார், நாக்கு லூர் உள்பக்கம் வாற மாதிரி எடத்துப்பக்கமே திரும்பினேன். ஒண்ணும் அடிக்கல. பெறவு நேர்கோட்டுல, வளையாம, 3 கிலோமீட்டர்லயே ஸ்பூனுக்கு 5 மீட்டர் நூல் கூடுதலா விட்டேன், ஒரு கடி கிடைச்சுது, மாட்டல. அப்பம் ஆழம் தானே?

பிசிக்ஸ்சார்_தக்கலை:
அந்தப் பக்கம் தான் சாயுது. ஆனா மூணு கடிய வச்சு தியரி எழுதப்படாது, வெயில் ஏறுனதும் காரணமா இருக்கலாம், ஸ்பூனுக்க மினுக்கம் அதுக்கு புடிச்சிருக்கலாம். அடுத்த வாரம் காலைலயே அந்த கூடுதல் 5 மீட்டரோட தொடங்குங்க, வேகத்த மட்டும் மாத்தி பாருங்க, வேகம் கூட்டும்போ ஈயத்தையும் கூட்டணும், இல்லன்னா ஆழம் மாறிரும்.

நாஞ்சில்_கனடா:
40 கிராமுக்கு 3 கிலோமீட்டர்ல தட்டிச்சுன்னா 4 கிலோமீட்டருக்கு 70 கிராம் வேணும் சார் கணக்குப்படி, சரியா?

பிசிக்ஸ்சார்_தக்கலை:
16ஐ 9ஆல வகுத்து 40ஆல பெருக்குனா 71. கெட்டிக்காரன்.

கடக்கரப்பய:
ஈயம் என்ட்ட ஒரு சாக்கு கெடக்கு தம்பி, மார்த்தாண்டம் வாற அன்னைக்கு சொல்லு, தந்து விடுகேன். மீன என்ன செஞ்ச?

குலசேகரத்துக்காரன்:
கொடம்புளி போட்டு வச்சாச்சு அண்ணே, மரச்சீனி அவிச்சு. வீட்டுக்காரி இப்பம் களியாக்கல.

தேரூர்கொக்கு:
லைஃப் ஜாக்கெட் போட்டியா லேய், அத சொல்லல?

குலசேகரத்துக்காரன்:
போட்டேன் அண்ணே, அதுக்க மேல தான் வாளை வந்து விழுந்து நாறடிச்சுட்டு. அது எப்படி கழுவுகது, சோப்பு போட்டா கெட்டுப்போவுமா?

தேரூர்கொக்கு:
சோப்பு கொஞ்சமா போடு, நெழல்ல காயப்போடு. அந்த 5 மீட்டர் கலர் என்ன கலர்ல கட்டுன? மஞ்சள் வெள்ளத்துக்குள்ள பளிச்சுன்னு தெரியும்.

குலசேகரத்துக்காரன்:
5க்கு மஞ்சள், 10க்கு செவப்பு. செவப்பு ஏற்கனவே வெளுத்துப் போச்சு.

தேரூர்கொக்கு:
நெயில் பாலிஷ் போடு.

குலசேகரத்துக்காரன்:
அதயும் வீட்டுல தான் கேக்கணும் 😐